முதல் மாரத்தானுக்கு ரெடி ஆகறீங்களா? மெதுவா ஓடுங்க, நிஜமாவே மெதுவா

முதல் மாரத்தான், அதாவது 42.195 கிலோமீட்டர், ஓடணும்னு யார் வந்து கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், மெதுவா ஓடுங்க. இப்ப நீங்க மெதுவுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கற வேகம் இருக்கே, அதுல இருந்து இன்னும் குறைங்க. என் கூட ஆரம்பிச்சவங்கள்ல பாதில நின்னவங்க யாருமே ரேஸ் அன்னிக்கு நிக்கல, அதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே முழங்கால் வலி, முன்னங்கால் (முழங்காலுக்கு கீழ முன்பக்கம்) எலும்பு வலி, குதிகால் வலின்னு ஏதோ ஒண்ணு வந்து ஸ்டார்ட் லைனுக்கே வர முடியாம போயிட்டாங்க. எல்லாருமே என்னைவிட வேகமா ஓடினவங்க. அதை நினைச்சா இப்பவும் மனசுக்கு கஷ்டமா இருக்கு, ஏன்னா அவ்ளோ ஆசையா ஆரம்பிச்சாங்க.

நான் ஆரம்பிச்சப்ப வயசு நாப்பதை நெருங்கிட்டு இருந்தது, காலைல இருந்து ராத்திரி வரைக்கும் உக்காந்தே பாக்கற வேலை, ஸ்கூல் முடிச்சதுக்கு அப்புறம் ஓட்டம்னு ஒண்ணு வாழ்க்கைலயே கிடையாது. ஒரு கிலோமீட்டர் நிக்காம ஓட முடியல. உங்களுக்கும் இப்ப அந்த நிலைமைதான்னா தைரியமா இருங்க, பெரும்பாலானவங்க அங்க இருந்துதான் கிளம்பறாங்க.

ஆரம்பத்துல ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை, இப்படியே அரை மணி நேரம், வாரத்துக்கு மூணு நாள். பத்தாத மாதிரி இருக்கும், இருக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமா ஓட்டத்தை கூட்டி நடையை குறைச்சுக்கிட்டே வந்தா ஒரு சில மாசத்துல அஞ்சு கிலோமீட்டர் நிக்காம ஓட வந்துடும். நடுவுல நடக்கறதை யாரும் கேவலமா நினைக்க வேண்டாம். 1972 ஒலிம்பிக்ல 10,000 மீட்டர் ஓடின ஜெஃப் காலோவே இந்த ஓட்டம் நடை முறையைத்தான் வருஷக்கணக்கா புதுசா வர்றவங்களுக்கு சொல்லிக் கொடுத்தாரு, இதே முறைல முழு மாரத்தானும் முடிச்சவங்க ஏராளம். களைச்சுப் போனதுக்கு அப்புறம் நடக்கறதுல பெரிய பிரயோஜனம் இல்ல, களைக்கறதுக்கு முன்னாடியே கணக்கு வச்சு நடக்கணும், அதுலதான் விஷயமே இருக்கு.

சரி, மெதுவுன்னா எவ்வளவு மெதுவு? இதை எனக்கு புரிய வச்சது எங்க குரூப்ல இருந்த ஒரு அக்கா. அவங்க ஏற்கனவே நிறைய மாரத்தான் ஓடினவங்க, வயசுல என்னைவிட பத்து வருஷத்துக்கு மேல பெரியவங்க. ஒரு நாள் காலைல கூடவே ஓடிக்கிட்டு வந்தவங்க திடீர்னு "தம்பி, உங்க வீட்டுல யார் யார் இருக்காங்க, என்ன பண்றாங்க, நிறுத்தாம சொல்லுங்க பாப்போம்"னு கேட்டாங்க. ரெண்டு வார்த்தை சொல்லி ஒரு மூச்சு, மறுபடி ரெண்டு வார்த்தை ஒரு மூச்சு. "அப்ப இன்னும் குறைங்க"ன்னாங்க. குறைச்சேன். திரும்ப கேட்டாங்க. இன்னும் குறைச்சேன். கடைசில வேகமா நடக்கறவங்க எங்களை தாண்டி போற அளவுக்கு வந்ததுக்கு அப்புறம்தான் ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காம வந்துச்சு. "இதுதான் உங்க ஈஸி பேஸ், அடுத்த மூணு மாசத்துக்கு இதைத் தாண்டக் கூடாது"ன்னு சொல்லிட்டாங்க. வாட்ச்ல ஹார்ட் ரேட் பாக்கறது, 220ல இருந்து வயசை கழிக்கறது இதெல்லாம் இருக்கு, ஆனா அந்த 220 கணக்கு ஒவ்வொருத்தருக்கும் பத்து பதினஞ்சு துடிப்பு வரைக்கும் கூட மாறும், கைல கட்டற வாட்சும் அப்பப்ப தப்பா காட்டும். பேச முடியுதா இல்லையாங்கறது எப்பவும் பொய் சொல்லாது, தனியா ஓடறவங்க வாய்விட்டு ஏதாவது பேசிப் பாருங்க.

மெதுவா ஓடினா எப்படி முன்னேற்றம் வரும்னு எல்லாருக்கும் சந்தேகம் வரும், எனக்கும் வந்துச்சு. மாரத்தான்ல உடம்புக்கு தேவைப்படற சக்தி கிட்டத்தட்ட முழுசும் ஆக்சிஜனை வச்சுதான் வருது. ஈஸியா ரொம்ப நேரம் ஓடும்போது தசைக்குள்ள சின்னச் சின்ன ரத்தக் குழாய்ங்க கூடுது, செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியா கூடுது, இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பற ரத்தம் கூடுது, கொழுப்பை எரிச்சு ஓடற பழக்கம் உடம்புக்கு வருது. ஒலிம்பிக் லெவல்ல ஓடறவங்களே அவங்க மொத்த டிரைனிங்ல பெரும் பங்கை, சுமாரா 80 சதவீதத்தை, அவங்களுக்கு ஈஸியான வேகத்துலதான் ஓடறாங்க. வாரத்துல பல மணி நேரம் ஓடற அவங்களே அப்படின்னா நம்ம தினமும் மூச்சு முட்ட ஓடி என்ன ஆகப் போகுது.

இதுல இன்னொரு முக்கியமான விஷயம், எனக்கு தெரிஞ்சு அதிகமா அடி வாங்கற இடமே இதுதான். இதயமும் மூச்சும் சில வாரத்துலயே தேறிடும், ஆனா தசைநாரும் எலும்பும் தேற மாசக்கணக்குல ஆகும். அதனால ஒண்ணரை மாசம் ரெண்டு மாசம் ஓடினதும் "ஆஹா நல்லா ஓட வருதே"ன்னு ஒரு உற்சாகம் வரும் பாருங்க, அந்த நேரம்தான் ஆபத்து. மூச்சு வாங்கல, ஆனா காலு இன்னும் தயாரா இல்ல. அந்த கட்டத்துல யாரு தன்னை அடக்கி வச்சிருக்காங்களோ அவங்கதான் கடைசி வரைக்கும் வர்றாங்க.

மாரத்தான் பிளான்னு தேடினா பெரும்பாலும் 16ல இருந்து 20 வாரம்னு இருக்கும். அது சும்மா உக்காந்திருந்தவங்களுக்கான பிளான் கிடையாது, ஏற்கனவே வாரத்துல மூணு நாலு நாள், ஒரு தடவைக்கு எட்டு பத்து கிலோமீட்டர் ஓட வர்றவங்களுக்கு போட்டது. ஒண்ணுமே இல்லாம ஆரம்பிக்கறவங்க ஒரு வருஷம் எடுத்துக்கோங்க, நடுவுல ஒரு 10 கிலோமீட்டர் ரேஸ், அப்புறம் ஒரு ஹாஃப் மாரத்தான் (21 கிலோமீட்டர்). அவசரப்பட்டு ஆறே மாசத்துல முடிச்சு யாருக்கு காட்டப் போறோம்.

என் வாரம் எப்படி இருந்துச்சுன்னா, நாலு நாள் ஓட்டம், அதுல மூணு நாள் ஈஸி, வார லீவுல ஒரு லாங் ரன். கடைசி ரெண்டு மூணு மாசத்துலதான் நடு வாரத்துல ஒரு நாள் கொஞ்சம் வேகம் சேர்த்தேன். ரெண்டு நாள் வீட்டுலயே காலுக்கான எக்சர்சைஸ், படிக்கட்டு ஓரத்துல நின்னு குதிகாலை ஏத்தி இறக்கறது, ஸ்குவாட், ஒத்தைக் கால்ல நின்னு பண்ற பயிற்சி, இடுப்புக்கு பிளாங்க், எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம்தான். ஒரு நாள் முழு ரெஸ்ட். மூணு வாரம் தூரத்தை ஏத்தினா நாலாவது வாரம் கால்வாசி குறைச்சுடணும். வாரத்துக்கு பத்து சதவீதத்துக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு சொல்வாங்க, அது கல்லுல பொறிச்ச சட்டம் இல்ல, ஆனா புதுசா வர்றவங்களுக்கு நல்ல வேலி.

லாங் ரன் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா மாரத்தானை முடிக்க வைக்கறது அதுதான். பத்துல ஆரம்பிச்சு மெல்ல மெல்ல 30, 32 கிலோமீட்டர் வரைக்கும் போகணும். 42 ஓடிப் பாக்காம எப்படி ரேஸ் ஓடறதுன்னு கேப்பாங்க. டிரைனிங்ல 42 ஓடினா அதுல இருந்து தேறவே ரெண்டு மூணு வாரம் போயிடும், அந்த நஷ்டத்துக்கு கிடைக்கற லாபம் ரொம்ப கம்மி. என்னை மாதிரி மெதுவா ஓடறவங்க தூரத்தைவிட நேரத்தை பாக்கறது நல்லது, மூணு மூணரை மணி நேரத்துக்கு மேல டிரைனிங்ல இழுக்க வேண்டாம், அது 28லயே முடிஞ்சாலும் பரவால்ல.

முதல் தடவை 30 தொட்ட காலை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. 24 வரைக்கும் ஒண்ணும் தெரியல. 26ல தொடையோட முன்பக்கம் இறுகிப் போய் காலைத் தூக்கறதுக்கே தனியா யோசிக்க வேண்டி இருந்துச்சு, முகத்துல வேர்வை காஞ்சு உப்பு சொரசொரன்னு கைல ஒட்டுது, காதுல பாட்டு ஓடுது ஆனா எந்த வரியும் மண்டைல ஏறல. 28ல வழில ஒரு சின்ன மேடு, வழக்கமா கண்ணுல கூட படாத மேடு, அன்னிக்கு மலை மாதிரி நின்னுச்சு. அதை நடந்தே ஏறினேன், மேல போனதும் மறுபடி ஓட்டம். அடுத்த விளக்குக் கம்பம் வரைக்கும், அப்புறம் அதுக்கு அடுத்த கம்பம் வரைக்கும். அன்னிக்கு கிடைச்ச பழக்கம் என்னன்னா, களைச்சதுக்கு அப்புறமும் உடம்பு போகும், மொத்த தூரத்தை நினைக்காம இருந்தா போதும்.

இப்ப சாப்பாட்டு கணக்குக்கு வருவோம், இது தெரியாம மாரத்தான் ஓடவே கூடாது. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமாரா ஒரு கலோரி செலவாகும். 65 கிலோ எடை இருக்கறவருக்கு முழு தூரத்துக்கு 2,700 கலோரி கிட்ட வரும். தசைலயும் கல்லீரல்லயும் கிளைக்கோஜனா சேர்த்து வைக்க முடியற மாவுச்சத்து சுமாரா 2,000 கலோரிதான். மிச்சத்துக்கு கொழுப்பு இருக்கு, ஆனா அதுல இருந்து சக்தி எடுக்கறது மெதுவாத்தான் நடக்கும். வேகமா ஓடற அளவுக்கு மாவுச்சத்து சீக்கிரம் காலியாகும், அதனாலதான் 30ல இருந்து 35 கிலோமீட்டருக்குள்ள நிறைய பேருக்கு திடீர்னு எல்லாமே நின்னு போன மாதிரி ஆயிடுது. சுவர்ல மோதறதுன்னு சொல்றது இதைத்தான்.

இதுக்கு மெதுவா ஓடறதோட சேர்த்து முக்கியமான வழி ஓடும்போதே சாப்பிடறது. மணிக்கு 30ல இருந்து 60 கிராம் மாவுச்சத்து, ஒரு ஜெல்லுல (ஓடிக்கிட்டே சாப்பிட சின்ன பாக்கெட்ல வர்ற இனிப்புக் கூழ்) பொதுவா 20, 25 கிராம் இருக்கும், பாக்கெட்டுலயே போட்டிருக்கும் பாத்துக்கோங்க. பசிக்கற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அரை மணி நேரம் முக்கால் மணி நேரத்துல முதல் ஜெல், அப்புறம் அரை மணிக்கு ஒண்ணு. கூட தண்ணி குடிங்க, இனிப்பு டிரிங்க்கோட சேர்த்து எடுத்தா சிலருக்கு வயித்தைக் கலக்கும். எனக்கு முதல்ல வயிறு ஒத்துக்கல, குமட்டிக்கிட்டு வந்துச்சு, ஒவ்வொரு லாங் ரன்லயும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து பழகினதுக்கு அப்புறம் சரியாச்சு. ஆமா, வயித்தையும் டிரைன் பண்ணணும். வாழைப்பழம், பேரீச்சம்பழம் எது ஒத்துக்குதோ அதுல ஓடறவங்களும் இருக்காங்க, எதுவானாலும் ரேஸ் அன்னிக்கு புதுசா எதையும் வாயில போடாதீங்க.

தண்ணி விஷயத்துல நிறைய பேர் நினைக்கறதுக்கு நேர் எதிரான ஒரு ஆபத்து இருக்கு. தண்ணி கம்மியா குடிக்கறது மட்டும் இல்ல, ரொம்ப அதிகமா குடிக்கறதும் உயிருக்கே ஆபத்து, ரத்தத்துல சோடியம் அளவு இறங்கிடும். 2002 பாஸ்டன் மாரத்தான்ல டெஸ்டுக்கு ரத்த சாம்பிள் கொடுத்த 488 பேர்ல 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சு இருந்துச்சு. மெதுவா ஓடி நாலு மணி நேரத்துக்கு மேல எடுக்கறவங்க, ஓடும்போதே எடை கூடினவங்க, இவங்களுக்குத்தான் அதிகம். அதாவது நம்மள மாதிரி ஆளுங்களுக்கு. தாகம் எடுத்தா குடிங்க, ரேஸ் வழில வர்ற ஒவ்வொரு தண்ணி ஸ்டால்லயும் கட்டாயமா டம்ளர் டம்ளரா குடிக்கணும்னு இல்ல. லாங் ரன்னுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டுப் பாருங்க, கொஞ்சம் குறைஞ்சிருந்தா சரி, கூடியிருந்தா நீங்க குடிக்கறது அதிகம்னு அர்த்தம்.

வலிக்கு வருவோம். தொடை, கெண்டைக்கால் முழுக்க பரவலா ஒரு அசதி, நடந்தா கொஞ்சம் இளகுது, ரெண்டு நாள்ல போயிடுதுன்னா அது தசை வலி, பயப்பட வேண்டாம். ஆனா எலும்பு மேல ஒரு விரலை வச்சு "இதோ இங்கதான்"னு காட்ட முடியற வலி, ஓட ஓட கூடற வலி, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்குதுன்னா ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரை பாருங்க, எலும்புல விரிசல் ஆரம்பமா இருக்கலாம். எனக்கு நடுவுல முன்னங்கால் வலி வந்து ரெண்டு வாரம் சைக்கிளும் நீச்சலுமா போச்சு, அந்த ரெண்டு வாரத்துல உடம்பு எதையும் பெருசா இழக்கல, திரும்பி வந்தப்ப அதே வேகம் இருந்துச்சு. வலி மாத்திரை போட்டுக்கிட்டு ஓடறதை மட்டும் செய்யாதீங்க, இபுப்ரோஃபன் மாதிரி மாத்திரைங்க நீண்ட ஓட்டத்துல சிறுநீரகத்தை பாதிக்கலாம். நெஞ்சு வலி, தலைச்சுத்தல், வீட்டுல யாருக்காவது சின்ன வயசுலயே இதய பிரச்சனை இருந்திருந்தா, டிரைனிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு செக்கப் அவசியம்.

ஷூவுக்கு ரொம்ப குழம்ப வேண்டாம். சாயங்காலமா போய் வாங்குங்க, அப்ப பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓட்டத்துலயும் அப்படித்தான் வீங்கும். பெருவிரலுக்கு முன்னாடி கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கணும், இல்லன்னா கால் நகம் கறுத்துப் போகும். போட்டதும் சுகமா இருக்கறதுதான் உங்களுக்கான ஷூ. 500ல இருந்து 800 கிலோமீட்டர் வரைக்கும் வரும், அதனால ரேஸ் ஷூவை ஒரு மாசம் முன்னாடியே வாங்கி ரெண்டு மூணு லாங் ரன் ஓடி வச்சுக்கோங்க. காட்டன் சாக்ஸ் வேண்டாம். அப்புறம் வாஸ்லின்! அக்குள், தொடை இடுக்கு, ஆண்களுக்கு மார்புக் காம்பு, பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் ப்ரா பட்டை உரசற இடம், எல்லாத்துலயும் தாராளமா தடவுங்க, 25 கிலோமீட்டருக்கு அப்புறம் குளிக்கப் போகும்போது இதோட அருமை தெரியும்.

வீட்டுல இருக்கறவங்க கிட்ட முன்னாடியே உக்காந்து பேசிடுங்க, இதை யாரும் சொல்றதில்ல. வார லீவு காலை மொத்தமும் ஓட்டத்துக்கு போகுது, மத்தியானம் தூக்கத்துக்கு போகுது, அந்த வேலைச் சுமையை வேற யாரோதான் தூக்கறாங்க. நானும் என் மனைவியும் பேசி, லாங் ரன் அன்னிக்கு சாயங்காலமும் மறுநாள் காலையும் வீட்டு வேலை என் பொறுப்புன்னு வச்சுக்கிட்டோம். அவங்க சிரிச்ச முகமா அனுப்பினது எனக்கு எந்த ஜெல்லும் தராத தெம்பு. தூக்கமும் அதே மாதிரி, ராத்திரி ஏழெட்டு மணி நேரம் இல்லன்னா பிளானை குறைச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

ரேஸுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரம் டேப்பர், அதாவது தூரத்தை படிப்படியா குறைச்சு உடம்பை தேற விடறது. மனசு ஒத்துக்காது, மறந்து போறோமோன்னு பயமா இருக்கும், இல்லாத இடத்துல எல்லாம் வலிக்கிற மாதிரி இருக்கும். கடைசி பத்து நாள்ல எவ்வளவு ஓடினாலும் புதுசா எந்த பலமும் சேராது, களைப்புதான் சேரும், அதனால சும்மா இருங்க. கடைசி ரெண்டு மூணு நாள் மாவுச்சத்து அதிகமா, நார்ச்சத்தும் எண்ணெயும் கம்மியா சாப்பிடுங்க. ஒரு கிலோ எடை கூடினா கவலை வேண்டாம், கிளைக்கோஜனோட சேர்ந்து தண்ணியும் உடம்புல தங்கும்.

நேரம் கணக்கு போடறவங்க, ஹாஃப் மாரத்தான் நேரத்தை ரெண்டால பெருக்கி அதோட இருபது முப்பது நிமிஷம் சேர்த்துக்கோங்க, முதல் தடவைன்னா இன்னும் தாராளமா. வாட்சை மட்டும் நம்பி பேஸ் போடாதீங்க, ரூட்டை அளக்கறது வளைவுகள்ல இருக்கற மிகக் குறுகிய பாதையில, நம்ம கூட்டத்துல அங்க இங்க ஒதுங்கி ஓடறதால வாட்ச் பெரும்பாலும் கொஞ்சம் கூடத்தான் காட்டும், 42.6ன்னு கூட வரலாம்.

ரேஸ் அன்னிக்கு முதல் பத்து கிலோமீட்டர்ல எல்லாரும் உங்களை தாண்டிப் போவாங்க. போகட்டும். அந்த ஒரு மணி நேர பொறுமைதான் மொத்த ரேஸும். நான் ஸ்டால் வர்றப்ப எல்லாம் நடந்து நடந்து குடிச்சிட்டு திரும்ப ஓடினேன், 32 வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்தேன். 34ல கஷ்டம் ஆரம்பிச்சுது, ரெண்டு கெண்டைக்காலும் துடிக்குது, பிடிச்சுக்குமோன்னு பயம், அடியை சின்னதாக்கி வேகத்தை இன்னும் இறக்கினேன். காலைல என்னைத் தாண்டிப் போனவங்கள்ல எத்தனையோ பேர் ஓரமா உக்காந்து காலை நீட்டிக்கிட்டு இருந்தாங்க, ஒருத்தருக்கு கைல இருந்த ஜெல்லைக் கொடுத்துட்டு வந்தேன். கடைசில இருக்கற அந்த 195 மீட்டர் 1908 லண்டன் ஒலிம்பிக்ல வந்தது, வின்ட்சர் கோட்டைல ஆரம்பிச்சு ஸ்டேடியத்துல ராஜ குடும்பம் உக்காந்திருந்த இடத்துக்கு முன்னாடி முடியற மாதிரி வச்ச தூரம், 1921ல அதையே எல்லாருக்கும் பொதுவான அளவா ஆக்கிட்டாங்க. அந்த 195 மீட்டர்ல நான் அழுதேன், சந்தோஷத்துலதான்.

ஃபினிஷ் லைன் தாண்டினதும் டக்குனு உக்காராதீங்க, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும், பத்து நிமிஷமாவது மெதுவா நடங்க. அப்புறம் ஏதாவது சாப்பிடுங்க, ஈரத் துணியை மாத்துங்க, உடம்பு சீக்கிரம் குளிர்ந்து போகும். அடுத்த ரெண்டு மூணு நாள் படிக்கட்டு இறங்கறது ஏறறதைவிட கஷ்டமா இருக்கும், பின்பக்கமா திரும்பி கைப்பிடியைப் பிடிச்சு இறங்குங்க. முதல் வாரம் நடை மட்டும் போதும். வலி முழுசா போனதுக்கு அப்புறம் ரெண்டாவது வாரத்துல இருபது நிமிஷ ஈஸி ரன், வேகமான ஓட்டம் எதுவும் ஒரு மாசத்துக்கு வேண்டாம், அடுத்த ரேஸுக்கு பேர் கொடுக்கறதையும் அது வரைக்கும் தள்ளி வையுங்க.